ஹாலே நகரில் தரங்கம்பாடிக் கடிதங்கள்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய இருவரின் வரலாற்றை நம் திருச்சபையில் அறியாதார் இலர். ஆனால் அவ்வரலாற்றை நாம் எங்கிருந்து அறிந்தோம் என்று கேட்பார் சிலரே. தரங்கம்பாடி மிஷனெரிமார் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனி தேசத்தில் ஹாலே நகரத்துப் பிராங்கே ஸ்தாபனங்களின் ஆவணக்காப்பகத்தில் பேணிக் காக்கப்பட்டுள்ளன. அவற்றுடன் தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்குள்ளன.

அக்காலத்தில் கடிதம் எழுதியவர் மறுமொழிக்கு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். பருவக் காற்றை நம்பிச் செல்லும் கப்பல்கள் கடலில் மூழ்குவதும் பகைவர் கையில் அகப்படுவதும் உண்டு. ஆதலால் முக்கியமான கடிதங்களைப் பிரதியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கமாயிருந்தது. பிரதியெடுக்கும் அலுப்பான வேலையும் ஊழியத்தில் ஒரு பங்கே என்று நாம் கருதுகிறோம்.

ஹாலே சேர்ந்த கடிதங்கள் அனைத்தும் அப்படியே அச்சேறவில்லை. பேராசிரியர் பிராங்கே அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து 1710இல் வெளியிடத் தொடங்கிய ‘ஹாலே அறிக்கைகள்’ 1772 வரை 108 தொடர்களாக வெளிவந்தன. ஐரோப்பாவில் ஜெபத்தாலும் பொருளாலும் மிஷனைத் தாங்கியவர்களை ஊக்குவிப்பதே இவற்றின் நோக்கம். எனவே, மிஷனுக்கு ஊறு விளைக்கக் கூடியவை நீக்கப்பட்டன அல்லது மென்மையாக்கப்பட்டன. இதை வஞ்சகம் என்று நாம் சொல்லோம். இன்றும் நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதும் போதகர் எவரும் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். ஆயினும் அச்சிட்ட அறிக்கையை மாத்திரம் படித்துவிட்டுச் சபை வரலாறு எழுதுவோர், பதிப்பாசிரியர் காட்ட விரும்பியதையே காண்கின்றனர்.

சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி நூலுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். தமிழரின் சமயத்தை அவர்கள் நூல்களிலிருந்தும் அவர்கள் வாய்மொழியிலிருந்தும் அறிந்து எழுதிய அரிய நூல் அது. புறமத மூடத்தனத்தை ஒழிக்கச் சென்றவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்னும் கருத்தினால் ஹாலேயில் அது அச்சேறவில்லை. 1867இல் ஜெர்மன் என்பவர் சென்னையில் அதைப் பதிப்பித்தார். அதிலும் மாற்றங்கள் நேர்ந்தன. 1713ஆம் ஆண்டின் மூலவடிவம் டேனியல் ஜெயராஜ் அவர்களின் பதிப்பாக 2003இல்தான் ஹாலேயில் வெளியாயிற்று. எழுதியவர் 1719இல் மரித்தார். அவர் எழுதியது எழுதியபடியே வாசகர் கைக்கு வர ஏறக்குறைய 290 ஆண்டுகள் ஆயின!

இதற்கு மாறாக, அச்சேறியதனாலேயே பிழைத்தவையும் உண்டு. சீகன்பால்கும் கிரண்டலரும் சமயம், ஒழுக்கம், விவாகம் முதலியவற்றைக் குறித்துத் தமிழரிடம் கேள்விகள் அனுப்பி, வந்த மறுமொழிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தனர். இத்தகைய 99 கடிதங்கள் 1714இலும் 1717இலும் ஹாலே அறிக்கைகளில் வெளிவந்தன. எழுதினோர் பெயர்கள் அச்சில் இல்லை. அவற்றுள் பெரும்பகுதியை மிஷனின் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பனே எழுதியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். எவர் எழுதியிருப்பினும், ஐரோப்பியக் கிறிஸ்தவரின் குடிப்பழக்கத்தையும் தூய்மையற்ற நடையையும் சுட்டிக்காட்டி, இத்தகையோரின் மார்க்கத்தை நாங்கள் எப்படி ஏற்போம் என்று வினவும் குரல் அவற்றில் கேட்கிறது. இதை நீக்காமல் அச்சிட்டமைக்குப் பதிப்பாசிரியரைப் பாராட்டவே வேண்டும்.

தமிழ் ஊழியரின் நிலையும் இதுவே. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனையும், தஞ்சை அரசனின் சேனையில் சேவித்துப் பின்பு உபதேசியாரான இராஜநாயக்கனையும் பெரும்பாலும் ஜெர்மன் மொழி வழியாகவே நாம் சந்திக்கிறோம். அவர்கள் தமிழில் சொன்னதற்கும் ஜெர்மனியில் வாசிக்கப்பட்டதற்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு பதிப்பாசிரியரும் நிற்கின்றனர்.

கையெழுத்து மூலத்துக்குச் செல்லும் வழி இப்போது திறந்துள்ளது. இந்தியாவில் ஊழியம் செய்து பின்னர் ஹாலேயில் பேராசிரியராயிருந்த ஆர்னோ லேமன், சீகன்பால்கின் கடிதங்களை 1957இல் தொகுத்து வெளியிட்டார். அதன்பின் ஆவணப் பட்டியல்களும் உருவாயின. ஹாலே அறிக்கைகளின் பக்கங்களைக் கணிப்பொறியிலேயே காணலாம். ஆனால் கையெழுத்துகளைப் படிக்கப் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தைப் பழக வேண்டும். ஜெர்மன் மொழி கற்கும் இறையியல் மாணவர் சிலர் அதனோடு இவ்வெழுத்தையும் கற்பாராயின், முதலில் ஆரோனைப் பற்றிய தாள்களை எடுத்து அச்சுப் பிரதியுடன் வரிக்கு வரி ஒப்பிடலாம்.