கம்பியில்லா வலை இயக்கிகளில் மீட்டமைப்பு: லினக்ஸ் கெர்னலில் ஒரு பாதுகாப்பு முறை உருவான வரலாறு

கம்பியில்லா வலைச் சில்லு ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும்போதே மறுமொழி தராமல் நின்றுவிட்டால், அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய் மீண்டும் இயங்கச் செய்வது மீட்டமைப்பு எனப்படுகிறது. அந்தச் சில்லுக்கும் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்கும் நடுவே நின்று ஏவல்களைக் கொண்டுசெல்லும் நிரலே இயக்கி. சில்லுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டு நினைவிடங்களான பதிவகங்களில் ஒன்றில் குறிப்பிட்ட பிட்டை எழுதி, சற்றுக் காத்திருந்து, அதை அழிப்பதோடு மீட்டமைப்பின் மின்னணுப் பகுதி முடிந்துவிடுகிறது; அந்தப் பகுதி கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. அந்தப் பிட்டை எழுதுவதற்கு முன் யாரையெல்லாம் நிறுத்த வேண்டும், எழுதிய பின் சில்லின் பழைய நிலையை யாருடைய நினைவிலிருந்து மீட்க வேண்டும் என்னும் கேள்விகளுக்கான விடைதான் மாறியிருக்கிறது. லினக்ஸ் இயக்கிகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், அந்த விடை சில்லில் தொடங்கி, கெர்னலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகளைக் கடந்து, வானலையின் மறுமுனையில் இருக்கும் கருவி வரை விரிந்து சென்றிருப்பது புலப்படும்.

தொடக்கக் காலத்துக்கு ஒரினோக்கோ இயக்கி நல்ல சான்று. லூசென்ட் நிறுவனத்தின் வேவ்லேன் வழிவந்த அட்டைகளுக்கும் அவற்றை ஒத்த பிற அட்டைகளுக்கும் எழுதப்பட்ட இந்த இயக்கி, மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் பிசிஎம்சிஐஏ அட்டைகளின் காலத்தைச் சேர்ந்தது. அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்னும் உள்நிரல் சிக்கிக்கொள்ளும்போது, காலக்கெடு கடந்ததைக் குறிக்கும் 110 என்ற பிழை எண் கணினியின் பதிவேட்டில் வரிசையாக விழும்; அன்றைய பயனர்களுக்கு அது நன்கு பழகிய காட்சி. அனுப்புவதற்காகக் கொடுத்த சட்டகம் என்னும் தரவுத் தொகுதி குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் கெர்னலின் காவல் கடிகாரம் இயக்கியை எழுப்பும். இயக்கி வேறு கெடு தராவிட்டால் அந்த நேரம் 5 நொடி. ஆனால் அந்த எழுப்புதல், உறங்கவோ காத்திருக்கவோ கூடாத ஒரு சூழலில் நிகழ்கிறது. மீட்டமைப்போ காத்திருப்பு இல்லாமல் முடியாத வேலை. ஆகவே ஒரினோக்கோ அந்த இடத்திலேயே அட்டையை மீட்டமைக்காமல், பணிவரிசையில் ஒரு வேலையைச் சேர்த்துவிட்டுத் திரும்பியது. ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே உள்ளே விடும் பூட்டு எதையும் கையில் வைத்துக்கொண்டு மீட்டமைப்பை அழைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் நிரலின் குறிப்புரையிலேயே இடம்பெற்றது.

இதனினும் நுட்பமானது அந்த இயக்கி வைத்திருந்த ஒரு சிறு எண்ணிக்கை. வன்பொருள் இப்போது கைக்கு எட்டாது என்பதைக் குறிக்கும் அந்த எண் பூச்சியத்துக்கு மேல் இருக்கும்வரை, அட்டையைத் தொட வரும் எந்த அழைப்புக்கும் பூட்டு கிடைக்காது. வேலையாக இருக்கிறது என்ற பிழையோடு அழைப்பு திரும்பிப் போகும். ஆம், இல்லை என்னும் இரு நிலைக் கொடி போதாமல் எண்ணிக்கை தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: மீட்டமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கணினி உறக்க நிலைக்குப் போகலாம், பயனர் அட்டையைப் பிடுங்கியும் விடலாம், இவற்றுள் ஒன்று முடிந்ததும் கொடியை இறக்கிவிட்டால் மற்றது முடிவதற்கு முன்பே அட்டை திறந்துவிடப்பட்டுவிடும். பூட்டை விட்ட இடைவெளியில் நிலைமை மாறியிருக்கக்கூடும் என்று கருதி, அட்டையை மீண்டும் இயக்குவதற்கு முன் அந்த எண்ணை மறுபடியும் சரிபார்க்கும் பழக்கமும் இங்கே காணப்படுகிறது. பின்னால் வந்த பெரிய இயக்கிகள் பல, இவ்விரண்டு உத்திகளையும் பட்டறிவின் வழியாகத் தாமே மறுபடி கண்டடைய வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த கட்டம் அதெராஸ் சில்லுகளோடு தொடங்குகிறது. அக்காலத்து அதெராஸ் வடிவமைப்பில் சில்லுக்குள் தனி உள்நிரல் இல்லை. அலைவரிசை மாற்றம், அளவுத்திருத்தம், பீக்கன் எனப்படும் அறிவிப்புச் சட்டகத்தை உரிய நேரத்தில் ஒப்படைத்தல் ஆகிய அனைத்தும் கணினியின் பொறுப்பாக இருந்தன. அலைவரிசையை மாற்றுவதே பெரும்பாலும் ஒரு மீட்டமைப்பாகத்தான் நடந்தது. எனவே மீட்டமைப்பு இங்கே நோய்க்குத் தரும் மருந்தாக மட்டும் இல்லாமல் நாள்தோறும் நடக்கும் வழக்கமான செயலாகவும் இருந்தது. சாம் லெஃப்ளர் உருவாக்கிய மேட்வைஃபை இயக்கியின் பெரும்பகுதி திறந்த நிரலாக இருந்தபோதிலும், பதிவகங்களைத் தொடும் அடுக்கு மட்டும் மூடிய இருமக் கோப்பாக வந்தது. வானொலி அலைவரிசை விதிகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. பீக்கன் சிக்கிக்கொண்டது, மீட்டமைக்கப்படுகிறது என்ற செய்தியைப் பயனர் கண்டாலும், மீட்டமைப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இயக்கி எழுதுவோரால் பார்க்க இயலவில்லை. ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தில் ரைக் ஃப்ளோட்டர் எதிர்ப்பொறியியல் வழியாக அந்த அடுக்குக்குத் திறந்த மாற்று ஒன்றை எழுதினார். அதன் வழிவந்த ஆத்5கே 2008-இல் லினக்ஸ் 2.6.25 பதிப்பிலும், அதெராஸ் நிறுவனமே வெளியிட்ட ஆத்9கே அதே ஆண்டில் 2.6.27 பதிப்பிலும் இடம்பெற்றன.

திறந்த நிரலைப் படித்தபோது, மீட்டமைப்பு என்பது அழிப்பதைவிடக் காப்பாற்றுவதில் அதிகக் கவனம் செலுத்தும் செயல் என்பது தெரியவந்தது. சில்லை நிறுத்துவதற்கு முன் ஆத்9கே அதன் இயல்பு அலைக்கம்பம், நிலைய அடையாளப் பதிவகம், விளக்குகளின் அமைப்பு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்கிறது. முழு மீட்டமைப்பு அழித்துவிடும் என்பதால் 64 பிட் நேர எண்ணியையும் படித்து வைத்துக்கொண்டு பின்னர் திரும்ப எழுதுகிறது. மைக்ரோ நொடிக் கணக்கில் ஓடும் இந்த எண்ணியை வைத்தே, மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கும் கைபேசிகள் அடுத்த பீக்கனுக்கு எப்போது விழிக்க வேண்டும் என்று கணக்கிடுகின்றன. அது திடீரெனப் பூச்சியத்துக்குப் போனால், அந்த வலையில் உறங்கும் கருவிகளின் கணக்கு குலைந்துவிடும்.

சில்லு உண்மையிலேயே செயலிழந்துவிட்டதா என்பதைத் தீர்மானிப்பது தனிக் கலை. ஆத்9கே, பீக்கன்கள் தொடர்ந்து தேங்கி 9 என்ற எல்லையை எட்டிய பிறகே மீட்டமைப்பைக் கேட்கிறது. பிராட்காம் சில்லுகளுக்கான பி43 இயக்கி அனுப்புதல் பிழைகளை எண்ணுகிறது. 15 நொடிக்கு ஒருமுறை நிரப்பப்படும் 1000 என்ற இருப்பு அதற்குள் தீர்ந்துவிட்டால் கட்டுப்படுத்தியை மறுதொடக்கம் செய்கிறது. கணினியின் தரவுத் தடத்திலிருந்து சாதனமே விலகிப்போனால் பதிவகத்தைப் படிக்கும்போது எல்லாப் பிட்டுகளும் ஒன்றாகவே வரும். அதெராஸ் சில்லு ஒன்று உள்ளுக்குள் உறைந்துவிட்டால், பதினாறடிமான எழுத்துகளில் டெட்பீஃப் என்று படிக்கத்தக்க ஒரு மதிப்பைத் தரும். சில்லு வடிவமைப்பாளரின் குறும்பு என்று தோன்றும் அந்த மதிப்பே பின்னாளில் இயக்கியின் நலச் சோதனைகளில் ஒன்றாக ஆனது.

பீக்கன் சிக்கலோ எண்ணியோ தராத அச்சுறுத்தலைத் தந்தது நேரடி நினைவக அணுகல், அதாவது சில்லு மையச் செயலியின் துணையின்றித் தானே கணினியின் நினைவகத்தில் எழுதும் முறை. பெறும் பகுதி முழுதாக நிற்பதற்கு முன் இயக்கி, வரும் தரவு தங்கும் நினைவிடங்களான அதன் இடையகங்களை விடுவித்துவிட்டால், சில்லு தொடர்ந்து எழுதும் சட்டகங்கள் அதற்குள் வேறொரு நிரலுக்கு உரியதாகிவிட்ட நினைவகத்தில் போய் விழும். அதனால் விளையும் சேதம் வலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓரிடத்தில், வெகுநேரம் கழித்து வெளிப்படும். இதனால் ஆத்9கே, பெறுதலை நிறுத்து என்று ஆணையிட்ட பின் நிறுத்தப் பிட்டு மாறும்வரை 10,000 மைக்ரோ நொடி காத்திருந்து பார்க்கிறது; அதற்குள் நிற்கவில்லை என்றால், மீண்டும் தொடங்கும்போது நினைவக அணுகல் பொறி குழம்பக்கூடும் என்ற எச்சரிக்கையைப் பதிவு செய்கிறது. சில்லு நிற்காததற்குச் சில சமயம் இயக்கியே காரணமாக இருந்தது: அலைவரிசை தேடும் இழை பெறுதலை நிறுத்தும் அதே கணத்தில், மீட்டமைப்பு நடத்தும் வேறோர் இழை அதைத் தொடங்கி வைத்தது. 2010-இல் இயக்கியில் நிகழ்ந்த சீரமைப்பு, பெறுதலைத் தொடங்கும் இடம், நிறுத்தும் இடம், மீட்டமைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே பூட்டின் கீழ்க் கொண்டுவந்தது. அதுவரை பெறும் வரிசையைக் காலி செய்வதற்கு மட்டும் பயன்பட்ட பூட்டுக்குப் புதுப்பெயரும் விரிந்த பொறுப்பும் கிடைத்தன.

குறுக்கீடுகளின் சிக்கல் அதன் பிறகும் தொடர்ந்தது. குறுக்கீடு என்பது, கவனிக்க வேண்டிய ஒன்று நிகழ்ந்துவிட்டது என்று சாதனம் செயலிக்கு அனுப்பும் அழைப்பு. ஒரே குறுக்கீட்டுத் தடத்தைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் கணினியில், அடுத்த சாதனத்தின் அழைப்புக்கும் இந்த இயக்கியின் கையாளி ஓடும். அந்நேரத்தில் சில்லு மீட்டமைப்பின் நடுவில் இருந்தால், கையாளி படிக்கும் பதிவக மதிப்புகளை நம்ப இயலாது. ஆகவே மீட்டமைப்பு நடக்கிறது என்ற கொடியைக் கையாளி முதலிலேயே பார்த்து, குறுக்கீடுகளை அணைத்துவிட்டு ஒதுங்கும் முறை நிலைபெற்றது; கையாளியின் தொடர்ச்சியாகப் பின்னர் ஓடும் டாஸ்க்லெட் என்னும் சிறுபணிகளும் மீட்டமைப்பு முடியும்வரை முடக்கி வைக்கப்பட்டன. மீட்டமைப்புக்கான வேலை பணிவரிசையில் காத்திருக்கிறதா என்று கேட்டு முடிவெடுப்பது பந்தய நிலைக்கு இடம் தரும், அதாவது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். வேலை ஓடத் தொடங்கிய நொடியே அது காத்திருப்போர் பட்டியலில் இருந்து நீங்கிவிடுவதே காரணம். கொடியை நாடியதற்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

இதற்கு இணையாக, சில்லின் நிலையை நினைவில் வைத்திருப்பது யார் என்னும் கேள்வியும் வளர்ந்தது. 2007-இல் 2.6.22 பதிப்பில் லினக்ஸில் சேர்ந்த மேக்80211, 802.11 நெறிமுறையின் பொதுப் பகுதிகளை எல்லா இயக்கிகளுக்கும் ஒரே இடத்தில் வழங்கும் அடுக்கு. நிலையங்கள் எனப்படும் இணைந்திருக்கும் கருவிகள், குறியாக்கச் சாவிகள், முகவரி ஆகிய அனைத்தும் அதனிடம் ஏற்கெனவே இருந்தன. சில்லை அடியிலிருந்து எழுப்ப வேண்டிய இயக்கி இவற்றின் படிகளைத் தானும் வைத்துக்கொள்வது வீண் என்பதை உணர்ந்து, மேக்80211-இன் பராமரிப்பாளர் ஜொஹான்னஸ் பெர்க் 2009-இல் வன்பொருள் மறுதொடக்கத்துக்கென ஒரு சார்பை அதில் சேர்த்தார். உறக்கத்திலிருந்து கணினி விழிக்கும்போது ஓடும் அதே நிரலே இதற்கும் பயன்பட்டது. இரண்டிலும் சில்லுக்கு எதுவும் நினைவில்லை, கெர்னலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்பதால் அது பொருத்தமான முடிவே. இயக்கியைத் தொடங்கி, இடைமுகங்களைச் சேர்த்து, அலைவரிசையை அமைத்து, நிலையங்களை ஏற்றி, சாவிகளைப் பதித்து, இறுதியில் வரிசைகளைத் திறக்கும் ஒழுங்கில் படிகளை விருப்பம்போல் இடம் மாற்ற இயலாது: நிலையமே இல்லாத சில்லில் அந்த நிலையத்துக்கான சாவியைப் பதிக்க முடியாது அல்லவா?

இன்டெல் அட்டைகளும் அதெராஸின் ஆத்10கே சில்லுகளும் உள்நிரலைத் தம்முள் கொண்டு வந்தபோது வேறொரு சங்கடம் தலைதூக்கியது. கெர்னல் இழை ஒன்று சாவியைப் பதிக்கச் சொல்லிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும்போது உள்நிரல் செயலிழந்தால், அந்த விடை ஒருபோதும் வராது; மீட்டமைப்பை நடத்த வேண்டிய இழையோ, காத்திருக்கும் இழை பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்து நிற்கும். 2013-இல் 3.11 பதிப்பில் சேர்ந்த ஆத்10கே இயக்கியின் மறுதொடக்கப் பகுதி இதற்கு நேரடியான தீர்வை எடுத்தது. முதலில் செயலிழப்புக் கொடியை ஏற்றி, நிரல்மொழிபெயர்ப்பி ஆணைகளை முன்பின் மாற்றாதபடி ஒரு தடையை இட்டு, அதன் பின்னர் தேடல், சாவிப் பதிப்பு, இடைமுக அமைப்பு என விடைக்குக் காத்திருக்கும் அனைத்தையும் வேலை முடிந்தது போல எழுப்பிவிடுகிறது. எழுந்த இழைகள் பூட்டுகளை விட்டு வெளியேறிய பிறகுதான் மெய்யான மீட்டமைப்பு தொடங்கும். எழுந்து வரும் நடுவிலேயே உள்நிரல் மறுபடியும் செயலிழந்தால் இயக்கி சிக்கிய நிலை என்ற தனி நிலைக்குப் போய், முடிவற்ற சுழற்சியைத் தவிர்க்கிறது. இன்டெலின் இயக்கியும் மறுதொடக்கத்துக்குள் மறுதொடக்கம் நேர்ந்தால் அதே வழியைத் திரும்ப முயலாமல், சாதனத்தை முழுவதுமாகக் கழற்றி மறுபடி கண்டறியச் செய்கிறது. விடாமல் முயல்வதைக் காட்டிலும் ஓரிடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு இரு இயக்கிகளும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தன.

மீடியாடெக் சில்லுகளுக்கான எம்டி76 இயக்கியில், சில்லுக்குள் இருக்கும் செயலியும் கணினியும் படிப்படியாகக் கைமாற்றிக்கொள்ளும் உரையாடலாகவே மீட்டமைப்பு வடிவம் பெற்றது: நினைவக அணுகலை நிறுத்து என்று சில்லு கேட்க, நிறுத்தியாயிற்று என்று இயக்கி சொல்ல, மீட்டமைப்பு முடிந்ததைச் சில்லு அறிவிக்க, வரிசைகளை இயக்கி மறுபடி அமைக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் எஞ்சி நின்றது மறுமுனையின் நினைவு. கம்பியில்லா வலையில் பயன்படும் சிசிஎம்பி என்னும் குறியாக்கத்தில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் 48 பிட் பொதி எண் ஒன்று ஏறிக்கொண்டே போகும். ஒரே சாவியோடு அந்த எண் பழைய மதிப்புக்குத் திரும்பினால் குறியாக்கமே பலவீனப்படும். மேத்தி வான்ஹோஃபும் ஃப்ராங்க் பீசன்ஸும் 2017-இல் வெளியிட்ட க்ராக் தாக்குதல், சாவியை மறுபடி பதிக்க வைத்து இந்த எண்ணைப் பின்னுக்குத் தள்ளும் உத்தியையே பயன்படுத்தியது. மீட்டமைப்பிலும் சாவி மறுபடி பதிக்கப்படுகிறது. எனினும் பொதி எண்ணை மேக்80211 தன்னிடமே வைத்துக்கொள்ளும் அமைப்பில், சில்லு மறந்தாலும் எண் தொடர்ந்து செல்லும்.

சட்டகங்களுக்கான வரிசை எண்ணைச் சில்லின் உள்நிரலே இடும் வடிவமைப்பில் அந்த வசதி இல்லை. மறுதொடக்கத்துக்குப் பின் எண் பூச்சியத்திலிருந்து தொடங்க, மறுமுனை அவற்றைப் பழைய சட்டகங்கள் என்று கருதி, எண் முன்பு நின்ற இடத்தை எட்டும்வரை அனைத்தையும் தள்ளிவிடுகிறது. இணைப்பு உயிரோடு இருப்பதாகத் திரை காட்டும், தரவு மட்டும் போகாது. 2022-இல் மேக்80211-இல் இதற்கெனச் சேர்க்கப்பட்ட மாற்றம், மீட்டமைப்பு முடிந்ததும் நிலையத்தின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துப் புதிதாக இணையச் செய்கிறது. எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக அல்லாமல், குவால்காமின் டபிள்யூசிஎன்3990 போல இந்தக் குறை உள்ளவற்றுக்கு மட்டும் ஆத்10கே அதைக் கேட்டுப் பெறுகிறது. வரிசை எண்ணைக் கெர்னல் தானே இடும் சில்லுகளில் பயனர் அறியாமல் இணைப்பு தொடர்கிறது.