பெரெட்டா - ஐந்நூறு வருடத் துப்பாக்கிக் கடை

ஒரு கம்பெனியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாம், முதல் பங்குப் பத்திரத்தைப் பார்க்கலாம். இத்தாலியின் பெரெட்டா கம்பெனிக்கு இந்த இரண்டும் வருவதற்கு முன்பே வயதாகிவிட்டது. அதன் பிறப்புச் சான்றிதழ் ஒரு பில்!

1526-ம் வருடம் அக்டோபர் 3-ம் தேதியிட்ட அந்தக் காகிதத்தில் இருப்பது இதுதான்: பர்த்தொலொமேயோ பெரெட்டா என்ற குழல் செய்யும் கைவினைஞர், வெனிஸ் குடியரசின் ஆயுதக் கிடங்குக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் கொடுத்தார், அதற்கு 296 டுகாட் பொற்காசுகள் பெற்றுக்கொண்டார். கணக்குப் போட்டால் குழல் ஒன்றுக்கு 1.6 டுகாட். பாபர் பானிபட்டில் இப்ராஹிம் லோதியைத் தோற்கடித்ததும் இதே 1526-ல்தான். அந்தப் போரிலும் பீரங்கியும் தீத்திரித் துப்பாக்கியும்தான் பேசின. அதாவது உலகமே வெடிமருந்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் சரியான சரக்கைக் கையில் வைத்திருந்தார் பர்த்தொலொமேயோ.

கவனிக்க வேண்டிய விஷயம், அவர் விற்றது துப்பாக்கி அல்ல, குழல் மட்டுமே. வட இத்தாலியில் பிரெஷா நகருக்கு மேலே இருக்கும் வால் திரோம்பியா பள்ளத்தாக்கில், கார்தோனே என்ற ஊரில் அவருடைய பட்டறை இருந்தது. மலையில் இரும்புத் தாது, காட்டில் அடுப்புக்கரி, சம்மட்டியை இயக்க மெல்லா ஆற்றின் தண்ணீர். ஒரு தொழிலுக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில்! நீண்ட இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, ஓரங்கள் ஒன்றாகும்வரை அடிப்பார்கள். பிறகு உள்ளே துளையைக் கடைந்து நேராக்குவார்கள். இணைப்பில் ஒரு சிறு விரிசல் இருந்தாலும் சுடுகிறவன் கையிலேயே குழல் வெடிக்கும். அதனால் நல்ல குழல்காரனின் பெயர்தான் அந்தக் காலத்து உத்தரவாத அட்டை. 1571 லெபாந்தோ கடற்போரில் வெனிஸ் வீரர்கள் வைத்திருந்த துப்பாக்கிகளில் பெரெட்டா குழல்கள் இருந்ததாகக் குடும்பத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு.

1797-ல் நெப்போலியன் வெனிஸ் குடியரசுக்கு முடிவு கட்டினார். முக்கியமான வாடிக்கையாளரே காணாமல் போனால் எந்த வியாபாரி என்ன செய்வான்? பெரெட்டாக்கள் வேட்டைக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களைக் காப்பாற்றியது ராணுவம் அல்ல. காடையும் வாத்தும் சுடுவதற்கான இரட்டைக்குழல் துப்பாக்கிகள்தான்.

பட்டறை தொழிற்சாலையானது 1903-ல் பொறுப்பேற்ற பியத்ரோ பெரெட்டா காலத்தில். அவரிடம் துல்லியோ மாரெங்கோனி என்ற அபாரமான வடிவமைப்பாளர் இருந்தார். முதல் உலகப்போரில் இத்தாலி இறங்கிய 1915-ல் இவர்களுடைய முதல் ராணுவக் கைத்துப்பாக்கி வந்தது. 1918-ல் வந்தது தானியங்கித் துப்பாக்கி. இத்தாலிய ராணுவத்திடம் ஏற்கெனவே இருந்த இரண்டு குழல் வில்லார் பெரோசாவில் ஒரு பாதியை எடுத்து மரக்கட்டையில் பொருத்தினால் எப்படியோ அப்படி ஒன்று! 1938-ல் இதன் மெருகேறிய வாரிசு வந்தது. அதில் இரண்டு விசைகள். முன் விசையை இழுத்தால் ஒவ்வொரு குண்டு, பின் விசையை இழுத்தால் தொடர் மழை. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர்கள் தொழிற்சாலையைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து தங்களுக்காகவே இதைச் செய்ய வைத்தார்கள். நேற்றுவரை கூட்டாளிக்கு, இன்று எஜமானனுக்கு. சரக்கு மட்டும் அதே சரக்கு.

இந்த வரிசையில் நம் நாட்டு ஆட்கள் நின்று படிக்க வேண்டிய மாடல் ஒன்று உண்டு. அது 1934 மாடல் கைத்துப்பாக்கி. சின்னது, எளிமையானது, பாகங்கள் குறைவு. 9 மி.மீ. சிறு தோட்டாக்கள் ஏழு பிடிக்கும். மேல்பக்கம் திறந்திருப்பதால் காலியான தோட்டா சிக்காமல் வெளியே விழும். இத்தாலிய அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிடுவதற்கென்று லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அவற்றுள் 606824 என்ற எண் பொறித்த ஒன்று எப்படியோ கடல் கடந்து இந்தியா வந்து, குவாலியரில் கைமாறியது. 1948 ஜனவரி 30 மாலை, டெல்லி பிர்லா மாளிகையில், பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து வந்த காந்தியின் மார்பில் நாதுராம் கோட்சே மூன்று முறை சுட்டது அதனால்தான்.

கார்தோனே தொழிலாளிக்கும் டெல்லிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அவர் ஒரு எண்ணைப் பொறித்து அடுத்ததை எடுத்திருப்பார். ஆனால் அந்த மாடல் எந்த விதத்திலும் பழுதாகாமல், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. துப்பாக்கி விற்பவனுக்குத் 'தரமான சரக்கு' என்றால் அர்த்தம் அதுதான். இதை மறந்துவிட்டு மாடல்களின் அழகை மட்டும் வியக்க முடியாது.

போருக்குப் பின் அமெரிக்காவின் காரண்ட் ரைபிளை உரிமம் வாங்கிச் செய்தார்கள். அதையே மாற்றி 20 தோட்டா மேகசினோடு பி.எம்.59 என்று கொண்டுவந்தார்கள். 1951 மாடல் கைத்துப்பாக்கி எகிப்தில் 'ஹெல்வான்' என்றும், இராக்கில் 'தாரிக்' என்றும் உரிமத்தின் பேரில் தயாரானது. விளையாட்டுப் பக்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கல்லியானோ ரொஸ்ஸினி களிமண் தட்டு சுடும் போட்டியில் தங்கம் வென்றது பெரெட்டா துப்பாக்கியால். அதன் பிறகு ஒலிம்பிக் என்றால் அவர்கள் காட்டில் மழைதான்.

எல்லோருக்கும் தெரிந்த மாடல் 92. டை ஹார்ட் (1988) படத்தில் புரூஸ் வில்லிஸ் கையில் இருப்பது அதுவே. 1975-ல் பிறந்த இது பத்தே வருடத்தில் உலகின் மிகப்பெரிய ஆர்டரைப் பிடித்தது. 1911-ல் இருந்து அமெரிக்க ராணுவம் வைத்திருந்த கோல்ட் கைத்துப்பாக்கியை மாற்றப் போட்டி வைத்தார்கள். கடைசியில் நின்றவை இரண்டு, பெரெட்டாவும் சிக் சாவரும். துப்பாக்கி விலையை மட்டும் பார்த்தால் சிக் ஓரிரு டாலர் மலிவு. ஆனால் மேகசின், உதிரி பாகங்கள் எல்லாம் சேர்த்துக் கூட்டியபோது பெரெட்டா மலிவு. 1985 ஜனவரியில் 'எம்9' என்ற பெயரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. டெண்டர் எடுப்பவர்கள் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

வெற்றி சுத்தமாக இல்லை. 1987-88-ல் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்த சில துப்பாக்கிகளின் ஸ்லைடு உடைந்து பின்னால் பறந்து, சுட்டவர் முகத்தைக் காயப்படுத்தியது. உடைந்தாலும் வெளியே வராதபடி உள்ளே ஒரு ஊசியின் தலையைப் பெரிதாக்கினார்கள். அதுதான் 92எஃப்எஸ். மறுபோட்டி வைத்தும் பெரெட்டாவே ஜெயித்தது. 2017-ல் மட்டும் கதை திரும்பியது. அந்த ஆர்டரைத் தட்டிச் சென்றது, முப்பது வருடத்துக்கு முன் தோற்ற அதே சிக் சாவர்!

இத்தனைக்கும் கம்பெனி குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பியத்ரோவின் மகன்கள் ஜுசெப்பே, கார்லோ இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. வம்சம் அறுந்துவிடும் என்ற நிலையில், சகோதரியின் மகன் உகோ குஸ்ஸாலியைக் கார்லோ சுவீகாரம் எடுத்தார். நம் ஊர் பழைய குடும்பங்களில் நடப்பது போலவே! உகோ தன் பெயரோடு பெரெட்டாவைச் சேர்த்துக்கொண்டார். இன்று ஸாக்கோ, பெனெல்லி, ஃபிராங்கி எல்லாம் இந்தக் குடும்பத்தின் ஹோல்டிங் கம்பெனிக்குள் அடக்கம். உகோவின் பிள்ளைகள் பதினைந்தாவது தலைமுறை. தொழிற்சாலை இன்னும் அதே கார்தோனேயில், அதே மெல்லா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.