நெஞ்சிலே ஓட்டை: நாற்பது வயதில் தெரியவரும் பிறவி நோயும் நமது தோட்டங்களும்



மலை ஏறும்போது மூச்சு வாங்கும் பெண்ணுக்கு நமது தோட்டங்களில் காலங்காலமாக மூன்று காரணங்கள்தான் சொல்லப்பட்டன. உடம்பில் இரத்தம் இல்லை, வாதக் காய்ச்சல் வந்த உடம்பு, இல்லையென்றால் வேலைக்குச் சோம்பல். நான்காவதாக ஒரு காரணமும் சிலருக்கு இருந்தது. பிறக்கும்போதே இதயத்துக்குள் இருந்த ஓட்டை. அதைக் கண்டுபிடிக்கும் கருவி நம் மலைகளுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். அந்த வரலாற்றை இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கதை கெய்ரோவில் தொடங்குகிறது. கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நம்பியது. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, இரத்தம் அவற்றின் வழியாகவே கடக்கிறது என்பது அவர் கருத்து. டமஸ்கஸ் பக்கம் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னுந் நபீஸ், 1242இல், இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் இதை மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளை இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் இடது பக்கம் வருகிறது என்றார். அவருடைய கையெழுத்துப் பிரதியை அத்ததாவி என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்தது 1924இல். நமது பதுளைக்கு ரயில் வந்ததும் அதே 1924தான். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை, வரலாறு படிப்பிப்பவனுக்கு இப்படி ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம்.

இப்னுந் நபீஸ் சொன்னது நல்ல இதயத்தைப் பற்றி. ஆனால் எல்லா இதயமும் அப்படி அமைவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. அதனால் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கதவு திறந்திருக்கும். குழந்தை பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் அது மூடிக்கொள்ளும். நாலு பேரில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலே இருக்கும், பெரும்பாலும் அதனால் தொல்லை இல்லை. சிலருக்கோ சுவரே அரைகுறையாக வளர்ந்திருக்கும். அதுதான் நாம் 'ஓட்டை' என்று சொல்வது. உலகில் ஏறத்தாழ நூறு பிள்ளைகளில் ஒன்று ஏதோ ஒரு இதயக் குறையோடு பிறக்கிறது. சில குறைகள் பிறந்த நாளிலேயே உதட்டை நீலமாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மேலறைச் சுவரின் ஓட்டையோ பொல்லாத பொறுமைக்காரன். இடது பக்கத்து இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் கசியும். வலது பக்கம் அந்த மேலதிகச் சுமையை முப்பது, நாற்பது ஆண்டுகள் முணுமுணுக்காமல் சுமக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ஓடும், கலியாணம் கட்டும். பிறகுதான் இளைப்பு, படபடப்பு, கால் வீக்கம்.

இனி நமது மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில், 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதிலிருந்து தோட்ட டிஸ்பென்சரிகளின் கதை தொடங்குகிறது. துரைமார் பணம் கட்ட, மாவட்டத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி என்பது ஏற்பாடு. ஆளைச் சீக்கிரம் மலைக்குத் திருப்பி அனுப்புவதுதான் அந்த வைத்தியத்தின் நோக்கம் என்பது என் கருத்து. வயிற்றோட்டம், காய்ச்சல், வெட்டுக்காயம் இவற்றுக்கு மருந்து இருந்தது. நெஞ்சை நின்று கேட்க நேரம் இருக்கவில்லை.

நேரம் இருந்தாலும் அது சுலபமில்லை. காரணம் கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கையில் இதற்கு எதிரான வேலையைத் தொடங்கியபோது தோட்டங்கள்தான் முதல் இலக்கு. கடுமையான இரத்தச்சோகை வந்தால் மூச்சு வாங்கும், முகம் வெளிறும், இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தமும் கேட்கும். ஓட்டை உள்ள இதயத்திலும் கேட்பது கிட்டத்தட்ட அதே மெல்லிய சத்தம். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவருக்கும் சத்தம் உண்டு. இத்தனை சத்தங்களுக்கு நடுவே பிறவிச் சத்தத்தைப் பிரித்தறிவது பெரிய மருத்துவர்களுக்கே கஷ்டம். குழாயைச் சேலைக்கு மேலே வைத்துக் கேட்டால் எப்படித் தெரியும்? ஒரு பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கித்தான் 1816இல் லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தக் கருவியையே கண்டுபிடித்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கயிற்றில் கூடையை மாட்டிக்கொண்டு பசறை, நமுனுகுல, லுணுகலைச் சரிவுகளில் ஏறிய பெண்ணுக்கு மூச்சு முட்டினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நோய்க்கான தண்டனை சம்பளத்தில் கழிந்தது. இதை எந்த மருத்துவப் புத்தகமும் எழுதவில்லை.

மருத்துவப் புத்தகங்கள் எழுதியவை வேறு. வியன்னாவைச் சேர்ந்த ஐசன்மெங்கர் 1897இல் ஒரு 32 வயது ஆணைப் பற்றி எழுதினார். சின்ன வயதிலிருந்தே நீலம் பாய்ந்த உடம்பு, கீழறைச் சுவரில் ஓட்டை. கடைசியில் இரத்தம் கக்கி இறந்தார். பல ஆண்டுகள் கூடுதலாக இரத்தம் பாய்ந்ததில் நுரையீரல் குழாய்கள் இறுகிவிடும், அதன் பிறகு இரத்தம் எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கும் என்பது பின்னால் விளங்கியது. அந்தக் கட்டம் வந்துவிட்டால் ஓட்டையை அடைப்பதே உயிருக்கு ஆபத்து. காலம் தாழ்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மற்றொன்று 1916இல். பிரான்சில் லூட்டம்பாக்கர் என்பவர் விவரித்த பெண்ணுக்கு 61 வயது. மேலறையில் ஓட்டை, ஒரு வால்வும் சுருங்கியிருந்தது. அந்த இதயத்தோடு அவர் ஏழு முறை கர்ப்பம் தரித்திருந்தார். நமது லயங்களிலும் இப்படி எத்தனை பாட்டிமார் இருந்திருப்பார்கள்!

வழி திறந்தது 1953இல். அந்த மே மாதம் 6ஆம் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, 18 வயதுப் பெண் ஒருவரின் மேலறை ஓட்டையைத் தைத்து மூடினார். அதே ஆண்டு சுவீடனில் எட்லர், ஹேர்ட்ஸ் என்ற இருவர், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசலைப் பார்க்க வைத்திருந்த ஒலியலைக் கருவியை இரவல் வாங்கி, துடிக்கும் இதயத்தைப் பார்த்தார்கள். இன்று நாம் 'எக்கோ' என்று சொல்லும் ஸ்கேனின் பிறப்பு அது. இலங்கையில் அது ஹர்த்தால் நடந்த ஆண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த தோட்ட மக்களுக்கு ஆஸ்பத்திரியில் எக்கோ என்பதெல்லாம் கனவில்கூட இல்லை.

நமது நாட்டில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது பெரிய இயந்திரம் அல்ல, கர்ப்பிணித் தாய்மார் கிளினிக். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியது. தோட்டங்கள் நெடுங்காலம் அதற்கு வெளியே நின்று, 1990களுக்குப் பிறகே படிப்படியாக அரச சுகாதார சேவைக்குள் வந்தன. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. ஒளிந்திருந்த ஓட்டை அப்போதுதான் வெளியே வரும். இலங்கையில் தாய்மார் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் இன்றும் இதய நோய் இருக்கிறது. அதனால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு தாயின் நெஞ்சையும் குழாய் வைத்துக் கேட்கிறார்கள். குடும்பநல மாது வரச் சொன்னால் போகாமல் இருக்காதீர்கள்.

ஆசிரியராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலம் தாழ்வதற்கு எப்போதும் வைத்தியம் காரணமில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஒரு பெண் பிள்ளையின் நெஞ்சில் சத்தம் கேட்டதாக எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டு வீட்டு அலுமாரியின் அடியில் போய்விடுகிறது. "சேர், வெளியே சொல்லிடாதீங்க, நாளைக்கு இவளுக்கு ஒரு சம்பந்தம் வரணும்" என்று தாய்மார் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. அந்தப் பிள்ளைதான் பிறகு நாற்பது வயதில், மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, படியேற முடியாமல் வந்து நிற்கிறாள். இன்று பல ஓட்டைகளை நெஞ்சைப் பிளக்காமலே, தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு, குடை போன்ற ஒரு மூடியை வைத்து அடைத்துவிடலாம். எல்லாருக்கும் பொருந்தாது, எந்த முறை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சம வயதினரைவிடச் சீக்கிரம் இளைத்தல், அடிக்கடி நெஞ்சுச் சளி, காரணமில்லாத படபடப்பு, மயக்கம், உதடு நீலமாதல், இளம் வயதிலேயே உயர் இரத்த அழுத்தம். இவற்றில் எது இருந்தாலும் வயதைப் பார்க்காமல் வைத்தியரிடம் காட்டி, ஈசிஜி, எக்கோ தேவையா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்ட டிஸ்பென்சரிகளின் பழைய நோயாளர் பதிவேடுகள், பிறப்பு இறப்புக் கொப்பிகள் யாரிடமாவது இருந்தால் கறையான் அரிக்க முன் எனக்கு அறிவியுங்கள். ஹாலிஎல, தெமோதரை, மடுல்சீமைப் பக்கம் என்றால் நானே வந்து பார்த்து, படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவேன்.