விழுங்கல் தடையும் உள்நோக்கிச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சிகிச்சை வெற்றி பெற்றது என்பதை எப்போது துணிவது? நோயாளி வைத்தியசாலையை விட்டு நீங்கும் நாளிலா, ஈராண்டு கழிந்த பின்னரா? இவ்வினாவுக்கு மருத்துவ வரலாறு அளித்துள்ள விடைகள் ஒருதன்மையன அல்ல. உணவுக்குழாயின் விழுங்கல் தடைகளுள் ஒன்றான அகலேசியாவின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. பேராய்வுகள் நிகழ்ந்த நாடுகளில் நின்று மட்டுமன்றி, பூண்டுலோயா போன்ற மலையகத் தோட்டப் பகுதியில் நின்றும் இவ்வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில் வட்டத் தசையொன்று வாயிலாக அமைந்துள்ளது. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிடும். அத்தளர்வை ஏவும் நரம்புக் கலங்கள் அழிந்துபடின் வாயில் திறவாது; உணவைக் கீழே தள்ளும் குழாயின் ஒழுங்கான அலையசைவும் அற்றுப்போகும். இதுவே அகலேசியா. தளராமை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் திண்ணிய உணவும் பின்னரே நீருணவும் தடைப்படும். இந்நோயிலோ ரொட்டியும் தேநீரும் ஏறக்குறைய ஒருங்கே தடைப்படும். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கம் பரவியுள்ள தோட்டங்களில் இவ்வேறுபாடு கருதத்தக்கது. எனினும் அறிகுறியை மட்டும் நம்புதல் தகாது. புற்றுநோய் இல்லை என்பதை உள்நோக்கிப் பரிசோதனையால் முதற்கண் உறுதி செய்தல் வேண்டும்.

இந்நோய்க்குரிய சிகிச்சையின் முதற் பதிவு 1674ஆம் ஆண்டுக்குரியது. ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்புக் கோலின் நுனியில் கடற்பஞ்சைப் பொருத்தி, உணவை உட்தள்ளும் முறையைத் தம் நோயாளிக்குக் கற்பித்தார். 1913இல் ஜெர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்ன்ஸ்ட் ஹெல்லர் அத்தசையையே வெட்டி வழி திறந்தார். தசையை வெட்டாது, காற்றுப் பையால் விரித்துக் கிழிக்கும் முறையும் உடன் வளர்ந்தது. இவை யாவும் வாயிலைத் திறப்பனவே. அழிந்த நரம்பை மீட்பன அல்ல. இந்நோயின் சிகிச்சை வரலாறு முழுவதற்கும் பொருந்தும் உண்மை இதுவாகும்.

உள்நோக்கி வழியே தசையை வெட்டும் எண்ணம் 1980இலேயே செயல் வடிவம் பெற்றது; ஓர்ட்டேகாவும் உடனாளரும் 17 நோயாளரில் அதனைச் செய்து அறிவித்தனர். ஆயினும் அம்முறை பரவவில்லை. 2007இல் இந்தியாவிற் பிறந்த பங்கஜ் பஸ்ரிச்சாவும் குழுவினரும் உட்சவ்வுக்கும் தசைக்கும் இடையே சுரங்கம் அமைத்துத் தசையை வெட்டும் முறையைப் பன்றிகளிற் சோதித்தனர். 2008இல் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே அதனை மனிதரில் நிகழ்த்தி, 2010இல் 17 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டார். 'போயெம்' எனப்படும் இம்முறையில் வெளிக்காயம் இல்லை. ஐதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் 2017இல் 408 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டமை, தெற்காசியாவிலும் அது வேரூன்றியமைக்குச் சான்றாகும்.

இனி முடிவுகளை நோக்குவோம். விழுங்கல் தடை, எதிர்க்களிப்பு, நெஞ்சுவலி, எடைக்குறைவு ஆகிய நான்குக்கும் 0 முதல் 12 வரை புள்ளியிடும் எக்கார்ட் அளவுகோலில் 3 அல்லது அதற்குக் குறைவான புள்ளியே பொதுவாக வெற்றி எனக் கொள்ளப்படுகின்றது. 2011இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், ஈராண்டு முடிவில் காற்றுப் பை முறை 86 வீதமும் ஹெல்லர் முறை 90 வீதமும் வெற்றி கண்டன. 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலோ அதே காற்றுப் பை முறையின் வெற்றி 54 வீதம். போயெம் முறையின் வெற்றி 92 வீதம். எட்டு ஆண்டுகளில் காற்றுப் பை வலுவிழந்துவிடவில்லை. முன்னைய ஆய்வு, நோய் மீண்டபோது மறுபடியும் விரிப்பதை அனுமதித்து எண்ணியது. பின்னையது, தொடக்கச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டால் அதனைத் தோல்வியென எண்ணியது. எண்ணும் முறை மாற எண்ணும் மாறியது.

போயெம் முறைக்கும் விலையுண்டு. ஹெல்லர் முறையோடு அதனை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டின் பிறிதோர் ஆய்வில் ஈராண்டு வெற்றி முறையே 83.0, 81.7 வீதம், ஏறத்தாழச் சமன். ஆனால் அமிலம் மேலெழுந்து உண்டாக்கும் உணவுக்குழாய் அழற்சி போயெம் பெற்றோரில் 44 வீதத்தினரிடமும், மற்றோரில் 29 வீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆகவே விழுங்கல் சீரடைந்த பின்னரும் கண்காணிப்பும், பலருக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் தொடர்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் பூண்டுலோயா முக்கியம் பெறுகின்றது. தோட்ட மருத்துவம் நோயாளியை நெடுங்காலம் பின்தொடர்வதற்கென எழுந்ததன்று. கோப்பித் தோட்டக் காலத்தில், 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் அதற்கு அடிகோலியது. நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பதே அதன் எல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கைமாறியது. தோட்ட வைத்தியசாலைகளை அரசின் சுகாதார சேவையோடு இணைக்கும் முயற்சியும் 1990களிலேயே முன்னெடுக்கப்பட்டது. நிர்வாகம் மாறியதேயன்றி, லயத்துக்கும் நிபுணரின் அறைக்கும் இடைப்பட்ட தூரம் குறையவில்லை.

நாட்கூலி பெறும் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு மறுமுறை விரித்தல் என்பது மற்றுமொரு பயணம், இழந்த கூலி, உடன்வரும் உறவினரின் கூலியும் இழப்பு. 2011ஆம் ஆண்டு ஆய்வின் 86 வீதத்துள் அடங்கிய மறுசிகிச்சைகளை அவள் தன் பேரேட்டில் எழுதினால், அவை வெற்றியின் பக்கத்தில் மட்டும் அமையா. போயெம் பயணங்களைக் குறைக்கலாம். ஆயின் அதன்பின் வரும் அழற்சியை அறிய அவள் மீண்டும் வந்தாக வேண்டும். வராதவரின் அழற்சி எந்த வீதத்திலும் சேராது.

எனவே எது சிறந்த சிகிச்சை என்ற வினாவை, யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவர் கண்காணிப்பில் என்ற வினாக்களின்றித் தனியே எழுப்புதல் முறையன்று. வில்லிஸின் நோயாளி தன் கோலைத் தன்னுடனேயே வைத்திருந்தான். இன்றைய நோயாளியின் வாயிலைத் திறக்கும் கருவி தொலைவிலுள்ள நகரில் இருக்கின்றது. அத்தொலைவையும் முடிவுகளுள் ஒன்றாகக் கணக்கிடும் நாளிலேயே அவ்வீதங்கள் பூண்டுலோயாவுக்கும் உரியனவாகும்.