இலவம்பஞ்சுச் சப்பாத்து

1953 மே 29 அதிகாலை, எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே கடைசி முகாமில் எட்மண்ட் ஹிலாரியின் சப்பாத்துகள் கல்லாக உறைந்து கிடந்தன. இரவு படுக்கும்போது கழற்றி வைத்திருந்தார். அடுப்புச் சுடரில் வாட்டி இளக்கிய பிறகே காலை நுழைக்க முடிந்தது. டென்சிங் நோர்கே சப்பாத்தைக் கழற்றாமலே படுத்தவர். அவருடையவை சுவிஸ் சப்பாத்துகள். காலுறைகள் மனைவி அங் லாமு பின்னியவை.

ஹிலாரியினது ஒன்றும் மலிவான சாமான் அல்ல. பிரித்தானியக் காலணி ஆய்வு நிறுவனமொன்று அந்தப் பயணத்துக்கென்றே வடிவமைத்தது. மெல்லிய ஆட்டுத்தோலுக்கும் நீர்புகாத உள்விரிப்புக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு இலவம்பஞ்சு. ஆம், அம்மம்மாவின் தலையணையில் இருந்த அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும்; மெழுகுப் பூச்சு இருப்பதால் எளிதில் நனையாது. ஆனால் பஞ்சு சூட்டை உண்டாக்குவதில்லை. கால் தருகிற சூட்டைக் காக்கும், அவ்வளவே. கால் இல்லாத சப்பாத்து உறையத்தான் செய்யும்.

இவ்வளவு கவனம் ஏன் என்பதற்கு மூன்றாண்டு முந்தைய அன்னபூர்ணாவே பதில். 1950 ஜூன் 3 அன்று மொரிஸ் ஹெர்சோக்கும் லூயி லாஷெனலும் தோல் சப்பாத்துகளோடு உச்சியை நோக்கி ஏறினார்கள். லாஷெனல் ஷாமோனியில் மலை வழிகாட்டி. கால்தான் அவருக்குச் சோறு. பாதங்கள் மரத்துப்போவதை உணர்ந்து, தான் திரும்பினால் என்ன செய்வாய் என்று ஹெர்சோக்கிடம் கேட்டார். தனியாகப் போவேன் என்றார் ஹெர்சோக். லாஷெனல் கூடவே போனார். கால்விரல்கள் பத்தும் போயின. ஹெர்சோக்குக்குக் கைவிரல்களும் சேர்ந்து போயின. புகழ் பெரும்பாலும் ஹெர்சோக்குக்கே சேர்ந்தது; எனக்கு இந்தக் கதையில் லாஷெனல்தான் நாயகன்.

அதற்கு முந்திய தலைமுறை அடித்தோலில் ஆணி அறைந்து ஏறியது. 1999இல் கண்டெடுக்கப்பட்ட மல்லோரியின் உடலிலும் ஆணிச் சப்பாத்துதான் இருந்தது. பனியில் பிடிப்புக் கொடுத்த அதே இரும்பு காலின் சூட்டையும் வெளியே கடத்தியது. 1935இல் நண்பர்கள் ஆறு பேரை ஆல்ப்ஸில் பறிகொடுத்த இத்தாலியர் வித்தாலே பிராமனி, 1937இல் ரப்பர் அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். அவர் தேடியது பிடிப்பை. ஆணி ஒழிந்ததில் குளிருக்கும் ஒரு வழி அடைபட்டது.

பனிச்சுவரில் ஏறுபவருக்கு இன்னொரு தொல்லை. முட்சட்டத்தைக் காலோடு பிணைக்கும் வார் இறுகினால் இரத்தம் விரலுக்குப் போகாது. பிறகு எந்தப் பஞ்சும் உதவாது. பின்னாளில் வந்த விறைப்பான பிளாஸ்டிக் இரட்டைச் சப்பாத்துகள் அந்த நெரிப்பைத் தாங்கின. உள்சப்பாத்தைத் தனியே கழற்றி உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

இன்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெப்பநிலை அட்டையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இரண்டாவது சோடிக் காலுறையைத் திணித்து இறுக்குவதைவிட, ஒரு தடித்த காலுறையோடு விரல்கள் அசைய இடமிருக்கும் சப்பாத்தே சூடானது. குதி மேலெழக் கூடாது. கடையிலேயே சுவரை நுனியால் நாலைந்து தரம் உதைத்துப் பாருங்கள். விரல் முன்னே இடித்தால் அந்தச் சோடி வேண்டாம்.