ஒரு வாரக் கப்பலும் நாலு மணி நேர விமானமும்: காய்ச்சல் எங்கே தெரியும்?

1/ புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரா நீங்க? அப்போ உங்க சொந்தத்துல ஒருத்தராவது சிங்கப்பூர், மலேசியா போயிருப்பார். திருச்சி விமான நிலையம் இருக்கறதே புதுக்கோட்டை ரோட்டுல தான். அங்கிருந்து சிங்கப்பூர் சாங்கி நேர்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி.

2/ உங்க தாத்தா காலத்தில் இதுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியா சிங்கப்பூர். 1926-ல் கட்டிய 'ரஜுலா' கப்பல் பேரைச் சொன்னா வீட்டுப் பெரியவங்க முகம் மலரும். டிக்கெட் விலை குறைவுங்கிறதால பெரும்பாலானவங்க டெக்கில் பாய் விரிச்சுப் போனாங்க.

3/ இப்போ மருத்துவக் கணக்கு. கிருமி உடம்புக்குள்ள போனதும் காய்ச்சல் வந்துடாது. இடையில் சில நாள் சத்தமில்லாம இருக்கும். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள். பெரியம்மைக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள்.

4/ ஒரு வாரக் கடல் பயணத்தில் காலரா இருந்தா கப்பலிலேயே தெரிஞ்சுடும். பெரியம்மைக்கு அந்த ஒரு வாரம் போதாது. அதனால கரை இறங்கியதும் தனிமை முகாம்: பினாங்கில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. கண்ணெதிரே ஊர் தெரியும், உள்ளே போக முடியாது. நம்ம ஆட்கள் எத்தனை பேர் அந்தத் தீவுகளில் நாள் எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க!

5/ அப்புறம் ரெண்டு மாற்றம். பெரியம்மை ஒழிஞ்சது: இந்தியாவில் கடைசி நோயாளி 1975-ல், உலகமே விடுபட்டதா அறிவிச்சது 1980-ல். ரஜுலாவுக்குப் பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடிச்சது. பலர் இறந்தாங்க. அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. மிச்சம் விமானம் மட்டும்தான்.

6/ தூரம் அதே தூரம். நேரம் மட்டும் சுருங்கிடுச்சு. கிருமியோட கணக்கு சுருங்கலையே! டெங்குவுக்கு இன்னைக்கும் 4 முதல் 10 நாள் தான். கொசு கடிச்சது சிங்கப்பூரில்னா, காய்ச்சல் அடிக்கிறது அறந்தாங்கியில். இங்கே கடிச்சு அங்கே படுக்கறதும் உண்டு. விமான நிலையத்தில் உடம்புச் சூடு பார்த்தா இது தெரியாது. 2020-ல் கொரோனா நேரத்தில் வந்தவங்களை 14 நாள் தனியா வச்சதும் இதனாலதான். கப்பல் தானா கொடுத்த நாட்களை நாம வீட்டிலும் முகாமிலும் கொடுக்க வேண்டியிருந்தது.

7/ இப்போ அப்படி யாரும் உங்களை நிறுத்தி வைக்கறதில்லை. அந்தத் தீவு மருத்துவர் பார்த்த வேலை உங்க ஊர் டாக்டர் மேசைக்கு வந்திருக்கு. அவருக்கு உங்க பாஸ்போர்ட் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்.

8/ அதனால, வெளிநாட்டிலிருந்து வந்த சில வாரத்துக்குள்ள காய்ச்சல்னா, மாத்திரை கேட்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க: எந்த ஊரிலிருந்து வந்தீங்க, எந்தத் தேதி வந்தீங்க. ஊருக்கு வந்திருக்கற உங்க மச்சான், மாப்பிள்ளைக்கும் இதை அனுப்பி வைங்க.