லைனை நிறுத்தும் கயிறு

டொயோட்டா கார் ஆலையின் அசெம்பிளி லைனில், தொழிலாளியின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாக உட்காரவில்லை, கதவு பொருந்தவில்லை, உதிரிபாகம் வந்து சேரவில்லை என்றால் அவர் அதை இழுப்பார். மணி ஒலிக்கும், உயரே தொங்கும் பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண் ஒளிரும், குழுத்தலைவர் விரைந்து வருவார். கார் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் கோளாறு தீர்ந்துவிட்டால் கயிற்றை இன்னொரு முறை இழுத்து லைனை ஓடவிடுவார்கள். தீராவிட்டால் லைன் நின்றுவிடும். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நிறுவனத்துக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை உண்டாக்கும் உரிமை லைனில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. விளக்குப் பலகையின் ஜப்பானியப் பெயரைச் சேர்த்து இந்தக் கயிற்றை ‘அண்டோன் கயிறு’ என்கிறார்கள்.

இந்தக் கயிற்றின் மூலம் தறிக்கூடத்தில் இருக்கிறது. 1867-இல் பிறந்த சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். தறியில் தாய் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். அக்கால விசைத்தறிக்கு நூல் அறுந்தது தெரியாது; அறுந்த பின்னும் ஓடிப் பழுதான துணியை நெய்துகொண்டே இருக்கும். அதைக் கண்காணிக்க ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் சகிச்சி உருவாக்கினார். அவருடைய பல ஆண்டு உழைப்பின் உச்சம் 1924-இல் வந்த ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி. ஒரே தொழிலாளி முப்பது தறிகளுக்கு மேல் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் உரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் ஆராய்ச்சியில் இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் பிறந்தது.

தறியின் பாடத்தைக் கார் ஆலைக்குக் கொண்டுவந்தவர் தாயிச்சி ஓனோ. டொயோடா நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து, 1943-இல் கார் நிறுவனத்துக்கு மாறியவர். பழுது தெரிந்த கணமே நிற்க வேண்டும், அடுத்த கைக்கு அதைத் தள்ளிவிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். தறிக்கு அந்த அறிவை இயந்திர அமைப்பு கொடுத்தது. கார் பூட்டும் இடத்தில் பழுதைக் காண்பது மனிதக் கண். ஆகவே நிறுத்தும் உரிமையும் அந்த மனிதருக்கே போக வேண்டும். தொடக்கத்தில் லைன் அடிக்கடி நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வேர்க்காரணத்தைத் தேடிக் களைந்ததால் நிறுத்தங்கள் மெல்லக் குறைந்தன, தரம் உயர்ந்தது.

இதற்கு அடியில் இன்னொரு கதை இருக்கிறது. 1950-இல் டொயோட்டா திவாலின் விளிம்புக்குப் போனது. ஆள்குறைப்பு, வேலைநிறுத்தம், ஏறக்குறைய 1,600 பேர் வெளியேற்றம். பொறுப்பேற்றுக் கீச்சிரோ பதவி விலகினார். அந்தக் காயத்துக்குப் பிறகு நிர்வாகமும் சங்கமும் மெல்ல ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 1962-இல் பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாக வைத்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. தன் தவறை ஊரறிய விளக்குப் போட்டுக் காட்டச் சொல்கிறது இந்தக் கயிறு. நாளைக்கு வேலை இருக்குமா என்று பயப்படுகிறவர் அதைத் தொடவே மாட்டார்.

கயிறு கடல் கடந்தபோது இது நிரூபணமானது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடியிருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத ஆலை அது. தீராத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். தவறாகப் பூட்டிய கார் தவறோடே கடைசிவரை நகரும்; பிறகு பிரித்துச் சரிசெய்வார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நூமி’ என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள். சங்கமும் பழையதே. நானூறுக்கும் மேற்பட்டோர் ஜப்பான் சென்று, டொயோட்டா லைனில் நின்று பழகித் திரும்பினார்கள். இவர்கள் கையிலா கயிற்றைக் கொடுப்பது என்று வெளியார் கேட்டபோது, அதைக் கொடுக்காமல் தரமான காரை எப்படிக் கேட்பது என்பதே டொயோட்டாவின் நிலையாக இருந்தது என்று அப்போது அங்கே பணிபுரிந்த ஜான் ஷூக் பதிவு செய்திருக்கிறார். வேலைக்கு வராதோர் விகிதம் சுமார் 2 சதவீதமாக இறங்கியது. 1988-இல் விற்பனை சரிந்தபோது நிர்வாகம் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டது. தொழிலாளர்கள் கயிற்றை முழுமையாக நம்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் இதைப் பரப்ப முயன்றது. கயிறு கட்டுவது எளிதாக இருந்தது. ஆனால் மேலாளரின் போனஸ் எத்தனை கார் வெளியே போனது என்பதைப் பொறுத்திருந்த இடத்தில், கயிற்றை இழுத்தவர் குற்றவாளி ஆனார். கயிற்றோடு வந்த குழுமுறை தங்கள் மூப்புரிமையைப் பறிக்கும் என்று வான் நைஸ் ஆலைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆலை 1992-இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் பழுதான இக்னிஷன் சுவிட்ச் 124 உயிர்களைக் குடித்த விவகாரத்தில் 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அந்த நிறுவனத்தின் ஒரு வழக்கத்தைச் சுட்டியது: கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். நூமியில் பாதிப் பங்கு வைத்திருந்த நிறுவனத்தின் கதி இது.

கயிறு மருத்துவமனைக்கும் போனது. சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனைத் தலைவர்கள் ஜப்பான் ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்து, 2002-இல் நோயாளி பாதுகாப்பு எச்சரிக்கை என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஆபத்தைக் கண்டால் எந்த ஊழியரும் சிகிச்சையை நிறுத்தச் சொல்லலாம். அப்படியும் 2004-இல் ஒரு நோயாளிக்குப் பரிசோதனைச் சாயத்துக்குப் பதில் கிருமிநாசினியை ஊசியில் ஏற்றிவிட்டார்கள், அவர் இறந்தார். மருத்துவமனை அதை மறைக்கவில்லை. பொதுவெளியில் ஒப்புக்கொண்டு, பாதுகாப்பையே தன் முதல் இலக்காக அறிவித்தது. எச்சரிக்கை எழுப்பும் ஊழியர்களின் எண்ணிக்கை அதன்பின் பெருகியது.

கயிற்றைப் பெற்றெடுத்த வீட்டுக்கும் சோதனை வந்தது. டொயோட்டாவின் முழு உடைமையான டைஹட்சுவில் பாதுகாப்புச் சோதனை முடிவுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வந்தது 2023 டிசம்பரில் விசாரணைக் குழு மூலம் அம்பலமானது. 64 கார் மாடல்கள் சிக்கின. தளர்த்தவே முடியாத கால அட்டவணையும் அதன் அழுத்தமும்தான் காரணம் என்றது குழு. தேதி தள்ளிப்போகும் என்று சொல்லும் தைரியம் சோதனைக்கூட ஊழியர்களுக்கு இல்லை. அசெம்பிளி லைனில் இருந்த உரிமை அவர்கள் மேசைவரை போய்ச் சேரவே இல்லை.

இன்று சில டொயோட்டா ஆலைகளில் கயிற்றின் இடத்தைப் பொத்தான் பிடித்துவிட்டது. அதனால் குறை ஒன்றுமில்லை. கயிறோ பொத்தானோ செயலியோ, கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம்; இழுத்தவரைத் தண்டிக்க மாட்டோம் என்ற வாக்கைக் காப்பாற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். நிறுவனத்தில் மாற்றம் கொண்டுவரத் துடிக்கும் மேலாளர்களே, புதிய முறையை அறிவிக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள். ஊழியர் ‘நிறுத்துங்கள்’ என்றால் யார் வருவார்? எவ்வளவு நேரத்தில் வருவார்? நிறுத்தியவருக்கு அந்த மாதச் சம்பளத்திலும் அடுத்த பதவி உயர்விலும் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்வரை கயிறு கட்டாதீர்கள்.